பள்ளி வைஃபை வீடுவரை வருமா?

நம் கொங்கு நாட்டு அரசுப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகமும் ஸ்மார்ட் வகுப்பறையும் வந்து, அவற்றுக்கென்று பிராட்பேண்ட் இணைப்பும் வந்த பிறகு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி எழுகிறது. சாயங்காலம் மணி அடித்ததும் பள்ளிக்கூடத்து இணையம் சும்மா கிடக்கிறது. அதே நேரத்தில், கால் கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை டேட்டா தீர்ந்துபோன போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பள்ளி வைஃபையை அப்படியே ஊருக்குள் நீட்டிவிட்டால் என்ன? பெரிய ஆன்டெனா ஒன்று வைத்தால் போதாதா?

நியாயமான கேள்விதான். ஆனால் ஆன்டெனா வாங்குவதில் தொடங்கினால் பணம்தான் வீணாகும். முதலில் என்ன கேட்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சொல், மூன்று சமாசாரம்

"பள்ளி வைஃபை" என்று நாம் சொல்வதற்குள் மூன்று வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன.

1. அலை. ஆக்சஸ் பாயின்ட் என்ற பெட்டியிலிருந்து போனுக்குப் போகும் ரேடியோ சிக்னல் இது. வைஃபை என்ற பெயர் உண்மையில் இதற்கு மட்டும்தான் பொருந்தும்.

2. இணையம். பிராட்பேண்ட் நிறுவனத்திடமிருந்து ஃபைபர் கம்பி வழியாகப் பள்ளிக்குள் வருவது. இதற்கு மாதக் கட்டணம் உண்டு, ஒப்பந்த விதிகளும் உண்டு.

3. பள்ளியின் உள்வலை. பள்ளியிலேயே ஒரு சர்வரில் வைத்திருக்கும் பாட வீடியோக்கள், வினாத்தாள்கள், மாணவர் கணக்குகள். வெளி இணையம் அறுந்துபோனாலும் பள்ளிக்குள் இது ஓடும்.

இந்த மூன்றையும் தனித்தனியாக வீட்டுக்குக் கொண்டுபோக முடியும். அலையே போகாமல் உள்வலையைக் கொண்டுபோகலாம்: வீட்டில் வேறு இணையம் இருந்தால் விபிஎன் என்னும் மறைகுறிக் குழாய் வழியாகப் பள்ளி சர்வருக்குள் நுழையலாம். இணையமே போகாமல் அலையை மட்டும் கொண்டுபோகலாம்: பிள்ளைகளின் போன் பள்ளி சர்வரோடு மட்டும் பேசும், வெளியே போகாது. எதை நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்துச் செலவும் சட்டமும் ஆபத்தும் மாறுகின்றன. கூட்டங்களில் பேச்சு சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம், ஒருவர் முதலாவதைச் சொல்லும்போது இன்னொருவர் இரண்டாவதைக் கேட்பதுதான்.

அலை எவ்வளவு தூரம் போகும்?

வைஃபை பெரும்பாலும் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பட்டைகளில். சிக்னலின் இழப்பை டெசிபலில் கணக்கிடுவார்கள்; 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூற்றில் ஒரு பங்கு. இடையில் எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியிலேயே, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 200 மீட்டரில் ஏறக்குறைய 86 டெசிபலும், 1 கிலோமீட்டரில் 100 டெசிபலும் இழக்கிறது. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் கூடுதலாகப் போகும். 5.8 கிகாஹெர்ட்ஸில் இதே தூரங்களுக்கு இழப்பு இன்னும் 8 டெசிபல் அளவுக்கு அதிகம்.

இது வெறும் காற்றுக்கான கணக்கு. நடுவில் செங்கல் சுவர் வந்தால் இன்னும் சில டெசிபல், கான்கிரீட் என்றால் அதைவிட அதிகம், மர வரிசை வந்தால் தனிக் கணக்கு. தகர ஷீட் போட்ட கூரை அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். நான்கு பக்கமும் பரப்பும் நல்ல வெளிப்புற ஆன்டெனாவைப் பள்ளி மொட்டைமாடியில் வைத்தால், 200 மீட்டரில் இருக்கும் ஓட்டு வீட்டுத் திண்ணையில் சிக்னல் கிடைக்கும். உள்ளறைக்குள் போனால் சந்தேகம்தான்.

பவரைக் கூட்டினால் ஆகாதா என்பது அடுத்த கேள்வி. இங்கே பலரும் மறப்பது, வைஃபை இருவழிப் பேச்சு என்பதை. பள்ளிப் பெட்டி உரக்கக் கத்தலாம். போனின் ரேடியோ 100 மில்லிவாட்டைத் தாண்டுவது அரிது. போன் சொல்லும் பதில் பள்ளிக்குக் கேட்காவிட்டால் இணைப்பே இல்லை. திரையில் மூன்று கோடு தெரிந்தும் எதுவும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதோடு சட்ட வரம்பும் இருக்கிறது. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் வேண்டாம் என்று அறிவித்தபோது, ஆன்டெனா பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. அங்கும் பவர் வரம்பு உண்டு.

போனை விட்டுவிட்டு, இரு முனையிலும் கிண்ண ஆன்டெனா வைத்து நேருக்கு நேர் பார்க்க வைத்தால் கதை மாறிவிடும். இதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. 2000களின் நடுப்பகுதியில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு சேர்ந்து, கிராமத்துப் பார்வை மையங்களைப் பல கிலோமீட்டர் நீள வைஃபை இணைப்புகளால் கோத்தது. மையத்தில் உட்கார்ந்த நோயாளியும் மருத்துவமனையில் இருக்கும் டாக்டரும் வீடியோவில் பேசினார்கள். அங்கே கோபுரத்துக்குக் கோபுரம் பேசியது. வழக்கமான வைஃபை முறை நீண்ட தூரத்தில் தடுமாறுவதால், யார் எப்போது பேசுவது என்ற ஒழுங்கையே அந்தக் குழு மாற்றி எழுத வேண்டியிருந்தது.

ஆக, பள்ளியிலிருந்து நேராகப் போனுக்கு என்றால் இரண்டு மூன்று நூறு மீட்டர். பள்ளியிலிருந்து இன்னொரு கம்பத்துக்கு என்றால் பல கிலோமீட்டர்.

கொறங்காடு, தென்னந்தோப்பு, மலை

கொங்கு நாட்டில் ஊர் அமைந்திருக்கும் விதத்தைப் பார்க்காமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. ஊர் என்று ஒன்று நடுவில் இருக்கும். ஆனால் கணிசமான குடும்பங்கள் சாளை என்னும் தோட்டத்து வீடுகளில் தனித்தனியாக இருக்கும். சாளைக்கும் சாளைக்கும் இடையே அரைக் கிலோமீட்டர் இருப்பது சாதாரணம். ஒரு கம்பத்தைச் சுற்றி நூறு வீடு என்ற நகரத்துக் கணக்கு இங்கே எடுபடாது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலியும் இடையிடையே வெள்வேல மரமும்தான். பார்வை நெடுந்தூரம் ஓடும். கம்பத்துக்குக் கம்பம் இணைப்புக்கு இதைவிட நல்ல நிலம் கிடைப்பது கடினம்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் நேர்மாறு. ரேடியோ இணைப்புக்குக் கண்ணுக்குத் தெரியும் நேர்கோடு மட்டும் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றிச் சுரைக்காய் வடிவில் ஓர் இடைவெளி வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்பது அதன் பெயர். 5 கிலோமீட்டர் இணைப்பில் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நடுப்புள்ளியில் இதன் ஆரம் சுமார் 8 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பன்னிரண்டரை மீட்டர். அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். 20 மீட்டர் வளர்ந்த தென்னை வரிசைக்கு மேலே இன்னும் 5 மீட்டராவது உயர்ந்தால்தான் இணைப்பு நிலைக்கும். ஊர் மேல்நிலைத் தொட்டி பல இடங்களில் அந்த உயரத்துக்குப் போகாது. மழையில் நனைந்த ஓலை அலையை இன்னும் அதிகமாக விழுங்கும். கோடையில் சோதித்துப் பார்த்துவிட்டு வைத்த இணைப்பு பருவமழையில் தடுமாறுவது இதனால்தான்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில், மெல்லிய இரும்புக் குழாயில் கட்டிய கிண்ணம் எம்மாத்திரம்? குழாய் 3 டிகிரி திரும்பினால் போதும், 5 கிலோமீட்டர் தள்ளி குறி 260 மீட்டர் விலகிவிடும். கம்பத்துக்கு இழுவைக் கம்பி கட்டும் செலவை முதல் பட்டியலிலேயே எழுத வேண்டும்.

தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலைகளில் சிக்கல் வேறு வகை. மலை முகட்டில் ஒரு கம்பம் நட்டால் பல ஊர்களைப் பார்க்கும். ஆனால் அந்த முகடு காப்புக்காட்டில் இருந்தால் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்க வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் இது மிகவும் தேவை. அங்கேதான் மிகவும் கடினம். இதை மறைத்துவிட்டு எல்லா ஊருக்கும் ஒரே திட்டம் என்று பேசுவது அவர்களுக்கு நியாயம் செய்யாது.

ஒருவர் திணறினால் எல்லோரும் திணறுவார்கள்

பள்ளிக்கு 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் வேக இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரத் தெளிவுள்ள பாட வீடியோவுக்கு ஒன்றரை எம்பிபிஎஸ் போதும். 100ஐ ஒன்றரையால் வகுத்து, 66 பிள்ளைகள் பார்க்கலாம் என்று சொல்லத் தோன்றும். காகிதத்தில் சரி. அலையில் இது நடக்காது.

வைஃபையில் எல்லோரும் ஒரே காற்றைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பக்கத்தில் இருக்கும் போன் 54 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு தரவுப் பொட்டலத்தை அனுப்பிவிட்டு உடனே வழிவிடும். எல்லையில் இருக்கும் போன் 1 எம்பிபிஎஸில் அதே பொட்டலத்தை அனுப்ப ஐம்பது மடங்கு நேரம் எடுக்கும். முறை இருவருக்கும் சமம் என்பதால், வேகமான போனும் கடைசியில் 1 எம்பிபிஎஸுக்குக் கீழே வந்துவிடும். தூரத்து வீட்டையும் எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்ற நல்ல எண்ணமே பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கெடுத்துவிடும் என்பது இங்கே உள்ள வேதனை. குறைந்த வேக இணைப்புகளை ஏற்காதே என்று பெட்டியில் ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று: பள்ளிக்குக் கிழக்கே ஒரு வீடு, மேற்கே ஒரு வீடு. இரண்டுக்கும் பள்ளி கேட்கும், ஒன்றுக்கொன்று கேட்காது. இரண்டும் காற்று காலியாக இருப்பதாக நினைத்து ஒரே நேரத்தில் பேசும், பள்ளியில் இரண்டும் மோதி வீணாகும். வகுப்பறைக்குள் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. ஊரளவில் விரித்தால் கட்டாயம் வரும். திசைக்கு ஓர் ஆன்டெனா, அதற்குத் தனி அலைத்தடம் என்று பிரிப்பதுதான் வழி.

சட்டம் எங்கே குறுக்கிடுகிறது?

1. பிராட்பேண்ட் ஒப்பந்தம். பள்ளி வளாகத்துக்கென்று எடுத்த இணைப்பை வெளியாருக்குப் பகிர்வதை நிறுவனங்களின் நிபந்தனைகள் பொதுவாகத் தடுக்கும். கட்டணம் வாங்கினால் அது இணையச் சேவை வியாபாரம். அதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும்.

2. யார் பயன்படுத்தினார் என்ற பதிவு. 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது, பூட்டப்படாத வைஃபை ஒன்றின் வழியாகப் பயங்கரவாதிகளின் மின்னஞ்சல் அனுப்பப்பட்டது தெரியவந்தது. 2009இல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும், பயனரை அடையாளம் காண வேண்டும், பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. திறந்த வைஃபையில் யாராவது தவறு செய்தால் சைபர் கிரைம் போலீஸ் முதலில் வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம். தலைமையாசிரியர்கள் தயங்குவதைக் குறை சொல்ல முடியாது.

3. இதற்கென்றே உள்ள வாசல். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற பிஎம் வாணி திட்டம். மளிகைக் கடையோ டீக்கடையோ பொது டேட்டா மையமாகி இணையம் தரலாம். அந்த மையத்துக்கு உரிமமும் பதிவும் கட்டணமும் தேவையில்லை. கணக்கு, அடையாளம், பதிவுகளை மேலே உள்ள ஒருங்கிணைப்பாளர் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். பள்ளி தானே பொறுப்பேற்பதைவிட, பள்ளி எதிரே உள்ள கடையோ கேபிள்காரரோ இப்படி ஒரு மையமாகிப் பிள்ளைகளுக்கான நேரத்தை ஊராட்சியோ முன்னாள் மாணவர்களோ வாங்கித் தருவது எளிது என்பது என் கருத்து.

4. "பள்ளி இணையதளத்துக்கு மட்டும் டேட்டா இலவசம்" என்று செல்போன் நிறுவனத்தைக் கேட்கலாமே? முடியாது. 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த ஒழுங்குமுறை, எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தை மாற்றுவதைத் தடுத்துவிட்டது. இணையத்தைத் தொடாத மூடிய வலைக்கு அதில் விலக்கு உண்டு. பள்ளி சர்வரோடு மட்டும் பேசும் அலைக்கு இந்தத் தடை பொருந்தாது.

எல்லாத் தளங்களுக்கும் பொதுவான டேட்டாவை அரசே வாங்கித் தருவதற்குத் தடையில்லை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி கொடுத்தது அப்படித்தான். நான்கு மாதத்தில் முடிந்ததும் அப்படித்தான். அமெரிக்காவில் மத்திய நிதியில் ஹாட்ஸ்பாட் கருவி வாங்கிப் பிள்ளைகளுக்கு இரவல் தர 2024இல் அனுமதித்த அதே தகவல்தொடர்பு ஆணையம் (எஃப்சிசி), 2025இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாதாமாதம் பணம் கேட்கும் எந்த வழியும் பணம் தருபவர் மனம் மாறும் நாள்வரைதான்.

பாஸ்வேர்டும் குடும்பத்துப் போனும்

ஒரே பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுத்தால் அது ஒரே சாயங்காலத்தில் வாட்ஸப் குழுக்களில் ஊர் முழுக்கப் போய்விடும். பிள்ளைக்கு ஒரு பெயர், ஒரு கடவுச்சொல் என்று தனிக் கணக்கு வேண்டும். பல்கலைக்கழகங்களில் எஜுரோம் என்ற முறை இப்படித்தான் ஓடுகிறது. இந்தியாவில் அதை எர்னெட் என்னும் மத்திய அரசின் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு நடத்துகிறது. ஒரு கல்லூரி மாணவர் வேறொரு கல்லூரிக்குப் போனாலும் தன் சொந்தக் கணக்கிலேயே நுழையலாம்.

வீட்டில் இருப்பது பிள்ளையின் போன் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. திருப்பூரில் லைன் வீட்டில், அதாவது வரிசையாகக் கட்டிய வாடகை வீட்டில், இருக்கும் குடும்பத்தில் நல்ல போன் ஒன்றுதான் இருக்கும். அது அப்பாவோடு பனியன் கம்பெனிக்குப் போய், ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குமேல் வீடு திரும்பும். ஏழு மணிக்கு அணைந்துவிடும் வைஃபை அந்தப் பிள்ளைக்கு எதற்கும் உதவாது. அதே போனில் அப்பாவின் வங்கிச் செயலியும் அம்மாவின் படங்களும் இருக்கின்றன. பள்ளியின் வடிகட்டியையோ கண்காணிப்புச் செயலியையோ அதில் ஏற்றச் சொன்னால் குடும்பம் முழுவதும் பள்ளியின் பார்வைக்குள் வந்துவிடும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது; அவர்கள் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. வடிகட்ட வேண்டுமானால் பள்ளியின் வெளிவாசலில் வடிகட்டலாம். போனைத் தொடக் கூடாது.

எதிலிருந்து தொடங்குவது?

1. அலையே வேண்டாத வழி முதலில். 2018 முதல் வந்த பாடநூல்களில் கியூஆர் குறிகள் இருக்கின்றன; அவை மத்திய அரசின் திக்ஷா என்னும் பாடத் தளத்தின் வீடியோக்களுக்குப் போகும், அங்கே தரவிறக்கும் வசதியும் உண்டு. பத்து நிமிடப் பாடம் 1 எம்பிபிஎஸ் தரத்தில் சுமார் 75 எம்பி. பள்ளிக்குள் ஒரு சிறிய சர்வரில் சேமித்து வைத்தால், 50 எம்பிபிஎஸ் உள்வலையில் பன்னிரண்டு நொடியில் போனுக்கோ டேப்லெட்டுக்கோ ஏறிவிடும். கோலிப்ரி போன்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. சாளையில் இருக்கும் பிள்ளைக்கும் பர்கூர் மலைப் பிள்ளைக்கும் இன்றே எட்டும் வழி இது ஒன்றுதான். போனைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியாத வீட்டுக்கு மெமரி கார்டு போதும்.

2. பள்ளியின் சுற்றுச்சுவர்வரை. வெளிப்புற ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை வாசல் பக்கம் வைத்து, முன்திண்ணையையோ பக்கத்து நூலகத்தையோ இரவு பத்து மணிவரை படிக்கும் இடமாக்கலாம். விளக்கு வேண்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் பெண்பிள்ளைகள் வர முடியாது. பாதிப் பிள்ளைகளுக்கு எட்டாத இணைப்பை ஊருக்கான இணைப்பு என்று சொல்லக் கூடாது.

3. ஊருக்குள் இரண்டு மூன்று கம்பங்கள். பள்ளியிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸில் நேர் இணைப்பு; முனையில் அங்கன்வாடி, சமுதாயக் கூடம், மேல்நிலைத் தொட்டி. ஊராட்சி அலுவலகத்துக்கு, ஊராட்சிகளை இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டின் ஃபைபர் வந்து வேலை செய்தால் அதையே மூலமாக வைக்கலாம். ஒப்பந்தச் சிக்கலும் குறையும்.

4. லைன் வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் கம்பம் வேண்டாம், கம்பி போதும். உள்ளூர் கேபிள்காரரிடம் பத்து வீட்டுக்கு ஒரு பிராட்பேண்ட் என்று பிஎம் வாணி வழியில் பேசிப் பார்க்கலாம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பராமரிப்புப் பணி என்று நாள் முழுக்க மின்சாரம் போகும் நாள் வரும். ஒரு வெளிப்புறப் பெட்டி சுமார் 10 வாட் குடிக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிவரை பயன்படுத்தினால் நான்கு மணி நேரம் தாங்கும். பெட்டிக்கு மின்சாரத்தையும் டேட்டாவையும் சேர்த்துக் கொண்டுபோகும் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தொட்டி உச்சிக்குச் செம்புக் கேபிள் ஏற்றினால் இடி அதே வழியில் இறங்கி ஆய்வகக் கணினிகளைத் தொடும். எர்த் போடாமல் ஏற்றவே கூடாது.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முன்னால் செய்யக்கூடியது இரண்டு. வகுப்புவாரியாக ஒரு பட்டியல்: வீடு பள்ளியிலிருந்து எவ்வளவு தூரம், வீட்டில் என்ன போன், எத்தனை மணிக்கு அது பிள்ளை கைக்கு வருகிறது. அப்புறம், பள்ளி ரவுட்டரை மொட்டைமாடியில் வைத்துவிட்டு, ஒரு ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கு ஊருக்குள் நடந்து, எந்த வீட்டு வாசலில் பாடம் திறக்கிறது, எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் குறித்து வரட்டும்.